ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி: நோட்டன் பிரிட்ஜ் வட்டாரத்து மலையகத் தமிழர் உணவு

இலங்கையின் மலையகத் தமிழரின் அன்றாட உணவு மூன்று பொருள்களில் நிற்கிறது: கோதுமை மா ரொட்டி, அரைத்த சம்பல், பால் சேராத தேத்தண்ணி. 19ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக மலையேறிய முன்னோரின் மூட்டையில் இந்த மூன்றுமே இல்லை. ரொட்டிக்கு உரிய மா பிற்காலத்தில் கப்பலில் வந்தது. சம்பல் என்ற சொல் மலாய் மொழியிலிருந்து இலங்கைக்கு வந்தது. தேயிலையோ, அவர்கள் வந்த பிறகு அவர்கள் கையாலேயே நடப்பட்ட செடி. ஆனாலும் இன்று மலையகத்து வீடு ஒன்றை வாசனையால் அடையாளம் காட்டச் சொன்னால், கல்லில் கருகும் தேங்காய்ப் பூவும் கொதிக்கும் சாயமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்த உணவு மரபு எப்படி உருவானது, அதில் எது ஊரின் மிச்சம், எது தோட்டத்தின் திணிப்பு, எது மக்களின் கைவண்ணம் என்பதை நோட்டன் பிரிட்ஜ் வட்டாரத்தை முன்வைத்துப் பார்க்கலாம்.

இடம்

நோட்டன் பிரிட்ஜ், நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவப் பகுதியில், கெஹெல்கமு ஓயா பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரம். கினிகத்தேனையிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் வீதி இதன் வழியாகத்தான் ஏறுகிறது. ஊரை ஒட்டிய நோட்டன் நீர்த்தேக்கம், 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்துக்கு நீர் தருகிறது. மேலே காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரில் 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையம் இயங்குகிறது. நாட்டுக்கு வெளிச்சம் தந்த அணைகளைச் சுற்றிய சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் பரவிக் கிடக்கின்றன.

உணவைப் பொறுத்தவரை இந்த ஊர் ஓர் எல்லை. ஹட்டனைவிடத் தாழ்வான இடம் என்பதால் பலா, வாழை, கித்துள் ஆகியவை இங்கே வளர்கின்றன. கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் சமையலும் இங்கே எட்டிப் பார்க்கிறது. மேலே போகப் போகக் குளிர் கூடி, கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போன்றவை விளையும் நுவரெலியாப் பக்கம் தொடங்கிவிடும். தென்னை மட்டும் இரண்டு பக்கமும் அரிது. ரொட்டிக்கும் சம்பலுக்கும் உயிரான தேங்காய் தாழ்நாட்டிலிருந்து லொறியில்தான் ஏறி வர வேண்டும். கருவாடு, மாசி, வெங்காயம், காய்ந்த மிளகாய் ஆகியவையும் அப்படியே. தோட்டத்தைச் சுற்றி இவ்வளவு பசுமை இருந்தும், தட்டில் விழுவதில் பெரும்பகுதி கடையில் காசு கொடுத்து வாங்கியது.

மூன்று தானியங்களின் கதை

மலையக உணவின் வரலாற்றை மூன்று தானியங்களின் வரிசையாகச் சொல்லிவிடலாம்: சிறுதானியம், அரிசி, கோதுமை.

தோட்டங்களுக்கு ஆட்கள் திரட்டப்பட்டது பெரும்பாலும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் போன்ற மாவட்டங்களில். மழையை நம்பிய அந்தக் காட்டுநிலங்களில் ஏழைகளின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோளச் சோறும்தான். நெல்லுச் சோறு பண்டிகைக்கு உரியது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தபோது காட்டிய ஆசைகளில் தினமும் சோறு என்பதும் ஒன்று.

அந்தச் சோறு கிடைத்தது. ஆனால் கூலிக்குள் கணக்காகிக் கிடைத்தது. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களிலும், 1869இல் கோப்பி இலைகளைத் துருநோய் தாக்கிய பின் அவற்றின் இடத்தைப் பிடித்த தேயிலைத் தோட்டங்களிலும் நிர்வாகமே அரிசியை மொத்தமாக வாங்கித் தொழிலாளருக்கு அளந்து கொடுத்தது. விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஆறுகளைக் கடந்து, காட்டு வழியாக அரிசி மூட்டைகளை மலைக்கு ஏற்றுவது அந்தக் காலத்தில் தோட்டத்துரைமாரின் பெரிய தலைவலி. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தபோதும் தோட்டம் வழங்கும் அரிசியின் விலையைச் சேர்த்தே கணக்கிட்டது. கூலி என்பது பாதி காசு, பாதி அரிசி என்ற நிலை அப்படிச் சட்டத்திலேயே பதிவானது.

மூன்றாவது தானியம் போரோடு வந்தது. இலங்கை அப்போது தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, வாங்கிக்கொண்டிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த வரவு அறுந்தது. பங்கீட்டு முறை வந்தது; குறைந்த அரிசியை ஈடுகட்டக் கோதுமை மா அளந்து கொடுக்கப்பட்டது. அதுவரை இலங்கைச் சமையலில் ஓரமாக இருந்த மா, போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1950களிலிருந்து அமெரிக்காவின் சலுகை விலைத் தானியத் திட்டங்களின் வழியாகவும், 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை இயங்கத் தொடங்கியதிலிருந்து அங்கேயே அரைக்கப்பட்டும் மா நாடெங்கும் பரவியது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. உண்ணும் ஒவ்வொரு பிடி மாவுக்கும் உரிய கோதுமை இறக்குமதி.

நகரத்தில் அந்த மா பானாகவும் பணிசாகவும் ஆனது. தோட்டத்தில் ரொட்டியானது. பேக்கரி அடுப்பு இல்லாத இடத்தில், ஒரு கல்லும் கொஞ்சம் விறகும் இருந்தால் போதும் என்பதே காரணம். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் இந்தச் சார்பு எவ்வளவு ஆபத்தானது என்பது தெரிந்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது, பங்கீடு குறைக்கப்பட்டது. சொந்த வயலோ கிராமத்து உறவோ இல்லாத தோட்டக் குடும்பங்கள் அதில் நேராகப் பட்டினியில் விழுந்தன. லயங்களில் இறப்புகள் கூடின. பிச்சை தேடி நகரங்களுக்கு இறங்கியவர்கள் பலர். அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த முதியோர் தட்டில் ஒரு துண்டு ரொட்டியையும் மிச்சம் வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

லயத்து அடுப்பு

எதைச் சமைப்பது என்பதை எங்கே சமைப்பது என்பதும் தீர்மானிக்கிறது. பழைய லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடும் காம்பிராக்கள். சில லயங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, முன்னால் இஸ்தோப்பு எனப்படும் சிறு திண்ணை. அடுப்பு உள்ளேயோ இஸ்தோப்பின் ஒரு மூலையிலோ இருக்கும். புகை போக வழி குறைவு. சுவரும் கூரையும் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பின் கீழ்தான் கருவாடும் விறகும் காயும்.

விறகு என்றால் பெரும்பாலும் மிலாறு. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளுக்கு மலையகத்தில் வழங்கும் பெயர் அது. மிலாறு சட்டென்று பற்றும், சட்டென்று அடங்கும். நீண்ட நேரம் கொதிக்க வேண்டிய கறிக்கு அது ஏற்றதல்ல. கல்லைச் சூடாக்கி நான்கு ரொட்டி சுட்டெடுக்கவும் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கவைக்கவும் பொருத்தமானது.

நேரமும் அப்படியே. பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்குக்குப் போகிற பெண் விடியுமுன் எழுந்து, காலைச் சாப்பாட்டையும் கொழுந்து பறிக்கும் மலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டையும் ஒரே அடுப்பில் முடிக்க வேண்டும். ஊற வைத்து, அரைத்து, புளிக்க விட்டுச் சுடும் தோசைக்கு வார நாளில் இடமில்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் எளிய காலையுணவாக இருக்கும் இட்லியும் தோசையும் மலையகத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் ஒதுங்கின.

ரொட்டியும் சம்பலும்

ரொட்டிக்கு வேண்டியவை மா, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர். சில வீடுகளில் பொடியாக அரிந்த வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் சேரும். மிளகாயைக் கொச்சிக்காய் என்பது மலையகத்து வழக்கு. தேங்காயையும் உப்பையும் முதலில் மாவோடு விரல் நுனியால் பிசறி, பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கூட்டுவார்கள். தேங்காயின் ஈரம் மாவுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக. பிசைந்த மாவை உருண்டையாக்கி, எண்ணெய் தொட்ட தட்டிலோ வாழையிலையிலோ வைத்து உள்ளங்கையால் தட்டுவார்கள். உருட்டுக்கட்டை கிடையாது, சப்பாத்தியின் மெல்லிய வட்டமும் கிடையாது. ஏறத்தாழ விரல் கனம். காய்ந்த கல்லில் போட்டால் முதலில் மாவின் வெண்மை மங்கும், பிறகு தேங்காய்த் துருவல் இருக்கும் இடங்களில் பழுப்புப் புள்ளிகள் விழும், ஓரம் இறுகும். இரண்டு பக்கமும் சுட்டதும் நெருப்பில் ஒரு தடவை காட்டி எடுப்பவர்களும் உண்டு. இந்த ரொட்டி ஆறினால் இறுகும், ஆனால் கெடாது. துணியில் சுற்றிக் கொழுந்து மலைக்குக் கொண்டுபோனால் மத்தியானம் வரை தாங்கும். வயிற்றிலும் அதே போல் நெடுநேரம் நிற்கும்.

ரொட்டியில் தேங்காய் எவ்வளவு என்பது மாதத்தின் எந்த வாரம் என்பதைச் சொல்லிவிடும். சம்பளம் வரும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் அது வெள்ளையும் பழுப்பும் கலந்து பொருபொருவென்று இருக்கும். மாதம் தேயத் தேயத் தேங்காய் குறையும். கடைசி வாரத்து ரொட்டி மாவும் உப்பும் மட்டுமாகச் சுருங்கும் வீடுகள் உண்டு.

சம்பல் பல வகை. துருவிய தேங்காய், காய்ந்த மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்து அம்மியில் வைத்து இடித்தும் அரைத்தும் எடுப்பது தேங்காய்ச் சம்பல். தேங்காய் இல்லாமல் மிளகாய், வெங்காயம், உப்போடு மாசியும் சேர்த்து நசுக்குவது கட்டச் சம்பல். மாசி என்பது மாலைதீவிலிருந்து காலங்காலமாக இலங்கைக்கு வரும், அவித்துப் புகையிட்டுக் கட்டையாகக் காயவைத்த சூரை மீன். இவை சிங்களச் சமையலோடு பொது. தமிழ்நாட்டுத் துவையலின் கைப்பழக்கம் இருந்த பெண்கள் அவற்றை எளிதில் தமதாக்கிக்கொண்டார்கள். தோட்டத்துக்கே உரியது கொழுந்துச் சம்பல். சில வீடுகளில் இளங்கொழுந்தை நூலாக அரிந்து தேங்காய், வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைவார்கள். மெல்லிய கசப்பும் துவர்ப்பும் கொண்டது. ஏற்றுமதிச் சரக்கு உணவாகும் அரிய இடம் அது.

சோறும் கறியும்

இரவுச் சாப்பாடு சோறு. கூட இருப்பது பெரும்பாலும் மைசூர்ப் பருப்பு, ஒரு மரக்கறி, சில நாட்களில் கருவாடு. பருப்பைத் தேங்காய்ப் பாலில் வேகவிட்டுத் தாளிப்பது இலங்கை வழக்கம். அதோடு ரசமும் புளிக்குழம்பும் வைப்பது ஊர் வழக்கம். இரண்டும் ஒரே தட்டில் சந்திக்கின்றன. நெத்தலிக் கருவாட்டைக் கத்தரிக்காயோடும் உருளைக்கிழங்கோடும் போட்டுக் குழம்பு வைப்பதில் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கை இன்னும் தெரியும்.

லயத்தின் பின்னாலும் கான் (வடிகால்) ஓரங்களிலும் கிடைக்கிற துண்டு நிலத்தில் வீட்டுத்தோட்டம் போடுவது பழைய வழக்கம். போஞ்சி, கோவா, நோக்கோல், சௌசௌ ஆகியவை அங்கே விளையும். வல்லாரை போன்ற கீரைகள் ஈரமான இடங்களில் தாமாகவே கிடைக்கும். கீரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப் பூவோடு சட்டியில் சிறிது நேரம் மட்டும் புரட்டி எடுக்கும் சுண்டல், சிங்களவரின் மல்லுங்கை ஒத்தது. நோட்டன் பிரிட்ஜைப் போலத் தாழ்ந்த பகுதிகளில் பலாக்காய்க் கறியும் அவித்த பலாக்கொட்டையும் பருவத்துக்குப் பருவம் சேர்கின்றன. கித்துள் பனையின் பாணியைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி கிராமத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து லயத்துக்கும் வருகிறது.

சாயத்தண்ணி

தேத்தண்ணியைச் சீனி போட்டு ஆற்றுவதைவிட, வெறுஞ்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சீனியையோ கருப்பட்டித் துண்டையோ கடித்துக் குடிப்பதே பல வீடுகளில் வழக்கம். பால் விருந்தாளிக்கு. தோட்டம் தொழிலாளருக்கு மாதந்தோறும் கொஞ்சம் தூள் கொடுப்பதுண்டு; அது பெரும்பாலும் கீழ்த்தரத் தூள். நல்ல தூள் பெட்டிகளில் அடைபட்டு, 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்குப் போய்விடும். உலகம் மணத்துக்காகக் குடிக்கும் பானத்தை, அதைப் பறித்தவர்கள் நிறத்துக்காகக் குடிக்கிறார்கள். சாயத்தண்ணி என்ற பெயரே அதைச் சொல்கிறது.

இந்த நிலை மலையகத்துக்கு மட்டும் உரியதல்ல. கோப்பியை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஏமன் நாட்டின் மலைப்பகுதி அதற்கு நெருங்கிய ஒப்பீடு. அங்கே மலைச்சரிவுகளில் படிப்படியாக வெட்டிய வயல்களில் விளைந்த கோப்பிக்கொட்டை மோக்கா துறைமுகத்தின் வழியாக வெளிநாடு போனது. விளைவித்தவர்களின் அன்றாடப் பானமோ கிஷர்: கொட்டையை எடுத்த பின் மிஞ்சும் உலர்ந்த தோலை இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். அவர்களுடைய உணவும் தட்டை ரொட்டியை நடுவில் வைத்ததே. தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு சேர்த்து நசுக்கும் ஸஹாவிக், சம்பலின் தூரத்து உறவு போல் ரொட்டியோடு வரும். மத்தியானத்துக்குக் கற்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் சல்தா என்ற இறைச்சிக் குழம்பின் மேல், வெந்தய மாவை நுரைக்க அடித்து ஊற்றுவார்கள். ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்து உண்பார்கள். ஏமனும் தன் கோதுமையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை இறக்குமதி செய்கிறது. ஏற்றுமதிப் பயிரை விளைவித்து, இறக்குமதி மாவை உண்டு, மிச்சத்தைப் பானமாக்கும் மலைநாடுகள் இரண்டு. ஒரு வேறுபாடு பெரியது. ஏமன் உழவர் தம் சொந்த நிலத்தில் சோளமும் வெந்தயமும் ஆடும் வைத்திருந்ததால் அவர்களுடைய சமையலில் தானியமும் இறைச்சியும் பல வகையாகக் கிளைத்தன. நிலமற்ற தோட்டத் தொழிலாளியின் சமையல் கடைச் சாமானுக்குள் வட்டமிட்டது.

பண்டிகைச் சமையல்

வார நாட்களில் சுருங்கும் சமையல் பண்டிகையில் விரியும். தீபாவளிக்குத் தோட்டம் கொடுக்கும் முற்பணத்தில் புதுத்துணிக்கு அடுத்தபடி ஆட்டிறைச்சியும் கோழியும்தான். பலர் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போடுவார்கள். தோசை, உழுந்து வடை, முறுக்கு என்று ஊர்ப் பலகாரங்கள் எல்லாம் அன்று லயத்துக்குத் திரும்பும். தைப்பொங்கல் வயல் இல்லாத மக்களின் அறுவடை விழா. இஸ்தோப்பின் முன் பொங்கும் பானைக்கு அரிசியும் சர்க்கரையும் கடையிலிருந்து வரும்.

தெய்வங்களும் உண்கின்றன. மாரியம்மனுக்குப் பொங்கல் என்பது எங்கும் உள்ளது. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும், கவ்வாத்துத் தொடங்குமுன் வணங்கப்படும் கவ்வாத்துச் சாமியும் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். சேவல் அறுத்து, சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்த பிறகு, அந்தச் சேவலைப் பொதுவில் சமைத்து வேலைக்காரர்கள் பகிர்ந்துண்பார்கள். வேலையும் வழிபாடும் விருந்தும் ஒன்றாகும் நாள் அது.

பயணிக்குக் கிடைப்பதும் கிடைக்காததும்

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம். கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பேருந்துகள் ஓடும். வழிக்கடைகளில் இரவெல்லாம் தேத்தண்ணியும் ரொட்டியும் வடையும் கிடைக்கும். ஹட்டன் வழியாகச் செல்லும் ரயிலில் கடலை வடை விற்பவர்களின் குரல் பெட்டிக்குப் பெட்டி நகரும். நகரத்துக் கடைகளில் கொத்து ரொட்டியும் சோறும் கறியும் உண்டு. காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பழைய துரைமார் பங்களாக்கள் சில இன்று உயர்ந்த விலை விடுதிகள். அங்கே மாலைத் தேநீரோடு ஆங்கிலக் கேக்கும் வரும். பங்களாவின் சமையற்காரரை அப்பு என்று அழைத்த காலத்துச் சமையல் அது.

லயத்து உணவு இந்த எந்த இடத்திலும் முழுமையாக இல்லை. கொழுந்துச் சம்பலும் மிலாற்று நெருப்பில் சுட்ட ரொட்டியும் விற்பனைக்கு வருவது அரிது. அவற்றை உண்ண ஒரு வீட்டின் விருந்தாளியாக வேண்டும். அந்த வீடுகள் இலங்கையில் மட்டும் இல்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பங்களோடு இதே ரொட்டியும் சம்பலும் பயணம் செய்தன. ஊரிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஊருக்குத் திரும்பியபோது இலங்கை உணவைக் கொண்டுபோனார்கள்.

சுவையும் சத்தும்

இந்த மரபைப் போற்றுவோர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. மாவும் சீனிச் சாயமும் பசியை அடக்கும், உடலை வளர்க்காது. இலங்கையின் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டப்பகுதியில் 31.7 சதவீதம். இதற்குக் குடியிருப்பு, தூய நீர், தாயின் உடல்நிலை எனப் பல காரணங்கள் சேர்ந்தாலும், தட்டில் பருப்பும் முட்டையும் மீனும் குறைவு என்பது அவற்றுள் முக்கியமான ஒன்று. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கானது. 2022 தொடக்கத்தில் அரசு அறிவித்த நிவாரணத்தில் தோட்டக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கியது மாதம் 15 கிலோ கோதுமை மா, சலுகை விலையில். 1942இல் போர்க்காலப் பதிலாக வந்த மா, 80 ஆண்டுகளுக்குப் பின்னும் அரசின் கண்ணில் தோட்டத்து மக்களின் உணவாகவே இருந்தது.

மலையக உணவை மரபு என்று அழைப்பதற்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மாவைக் கொடுத்தது பங்கீடு. அதில் தேங்காயைப் பிசறி, கனமாகத் தட்டி, மலைக்குத் தாங்கும்படி சுட்டது பெண்களின் அறிவு. அந்த அறிவு இன்றும் பெரும்பாலும் வாய்வழியாகவும் கைவழியாகவும்தான் இருக்கிறது. லயத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகும் தலைமுறையோடு அது கலைவதற்கு முன், மலையகத்துப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் வீடு வீடாகச் சென்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.